ஓட்டுக்கு வயது கூட்டிய கதை

கோபிக்கத் தெரியாத என் அக்காவுக்கு,

உன் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். உன் வீடு என்று எழுதிவிட்டேன். நீ இருந்திருந்தால் உடனே திருத்தியிருப்பாய். "என்ரை வீடில்லைத் தம்பி, வதனியின்ரை வீடு" என்பாய். புத்தூர்ச் சனம் முழுக்க இதை உன் வீடு என்றுதான் சொன்னது. நீ ஒருத்தி மட்டும் கடைசிவரை அப்படிச் சொல்லவில்லை.

முதலில் ஊர்ப் புதினம். உன் ஆட்டை முன்வீட்டுப் பிள்ளைகள் வளர்க்கிறார்கள், குட்டி போட்டிருக்கிறது. ஒழுங்கைக்கு ஒருவழியாகக் கொங்கிறீட் போட்டுவிட்டார்கள். வதனி கனடாவிலிருந்து வந்திருக்கிறாள். இந்த நேரம் குசினியில் நின்று உன் சட்டியில் கத்தரிக்காய் வதக்குகிறாள், மணம் இங்கே வரைக்கும் வருகிறது. கூரையில் இப்போது ஒரு ஓடும் இல்லை. நீலத் தறப்பாள் ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறோம், காற்றுக்குப் படபடவென்று அடிக்கிறது.

மழைக்காலத்தில் ஏனடா கூரையைக் கழற்றினாய் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை அச்சில் போடக் கொடுக்கப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் இடையிடையே சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவள் நீ, நடுவில் நான், கடைசி வதனி. நீ கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாய். ஏன் என்று கேட்க அப்பாவுக்கே துணிவு வரவில்லை. வதனிக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தியபோது இந்த வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதினார். "பெரியவள் இருக்குமட்டும் இதிலை இருப்பாள்" என்று வாயால் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். நான் சரசைக் கட்டிக்கொண்டு அவளுடைய சீதன வீட்டுக்கு, நீர்வேலிக்குப் போனேன். நீர்வேலி என்ன தூரமா? உடம்பு வேர்க்க முன்னம் சைக்கிளில் வந்து இறங்கிவிடலாம். அந்தத் தூரத்தில் இருந்துகொண்டுதான் உன்னை ஒழுகுகிற வீட்டில் விட்டு வைத்திருந்தேன்.

நீ முதல் முறை சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். "தம்பி, நடு அறை கொஞ்சம் ஒழுகுது" என்றாய். உன் கொஞ்சம் எனக்குத் தெரியாதா? எழும்ப ஏலாமல் காய்ச்சலில் கிடந்தபோதும் "கொஞ்சம் மேல் சுடுது" என்றுதானே சொன்னாய். நான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஓட்டுக்கு இடையால் வானம் தெரிந்தது.

"வதனியைக் கேக்காமல் நான் என்னெண்டக்கா கை வைக்கிறது? நாளைக்கு ஒரு கதை வரும்" என்றேன்.

"ஓம் ஓம், அதுவும் சரிதான்" என்றாய். தேத்தண்ணி தந்தாய். குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். தங்கச்சியின் சீதன வீட்டில் தமையன் ஒரு கல்லை மாற்றி வைத்தாலே, கண் வைத்துவிட்டான், பங்கு கேட்கப்போகிறான் என்று ஊர் கதைக்கும். சரி, வதனியிடமே ஒரு சொல் கேட்டிருக்கலாமே? கேட்டால், திருத்தக் காசு கேட்கிறான் என்று அவள் புருஷன் நினைப்பான். இப்படிப் போகிற வழிக்கெல்லாம் ஒரு படலை கட்டி, நானே பூட்டி வைத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், சீதனம் என்ற சொல் எனக்கு நல்ல வசதியாக இருந்தது. மரியாதை தெரிந்தவன் என்ற பெயரும் கிடைத்தது, ஏணியில் ஏறவும் தேவை வரவில்லை.

போன மாரியில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆசுபத்திரியில் வைத்தியர், "வயசு போன உடம்புதானே" என்றார். ஈரமான அறையில் படுத்ததால் வந்ததா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாரோ? சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை வாயில் எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வதனியால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. அவளுக்கு அங்கே அறுவைச் சிகிச்சை முடிந்த கிழமை அது. போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணை, நீங்கள் இருந்ததாலை அக்கா கடைசிக் காலத்திலை நனையாமல் இருந்தா. கூரையெல்லாம் மாத்திக் குடுத்தனீங்களாம். 'தம்பி ஒரு துளி ஒழுக விடான்' எண்டு எப்ப கதைச்சாலும் சொல்லுவா."

நான் எந்தக் கூரையை மாற்றினேன் அக்கா? எப்போது ஏறினேன்? போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். பந்தல் கழற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ம்" என்றுதான் வந்தது.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உனக்கு நினைவு மலர் அடித்தோம். வதனி எழுதி அனுப்பிய அஞ்சலியில் அந்தக் கூரை கொட்டை எழுத்தில் வந்திருந்தது. உடன்பிறந்தவன் என்றால் அண்ணாவைப் போல இருக்க வேண்டுமாம். அச்சகத்துக்குப் போய்ப் பிழை பார்த்தவன் நான்தான். காற்புள்ளி முதற்கொண்டு திருத்தினேன். கூரையை மட்டும் தொடவில்லை. புத்தகம் ஊர் முழுக்கப் போனது.

ஏன் அக்கா அப்படிச் சொன்னாய்? அவள் அங்கே கவலைப்படக்கூடாது என்றா? என் மானத்தைக் காப்பாற்றவா? இல்லை, ஒரு நாளைக்கு இது காதில் விழுந்து எனக்கு வெட்கம் வரட்டும் என்றா? கடைசியாகச் சொன்னது உன் சுபாவம் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று சில வேளை நினைப்பேன். நீ ஒரு முறையாவது என்னோடு கோபித்தாய் என்று இருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

வருஷ முடிவில் வருகிற ஆட்டைத் திவசத்துக்குக் கட்டாயம் வருகிறேன், அக்கா இருந்த வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று வதனி சொன்ன பிறகுதான் வந்து பூட்டைத் திறந்து பார்த்தேன். நீ போன பிறகு பூட்டிக் கிடந்த வீடு. நடு அறையின் ஒரு பக்கம் ஓடு சரிந்து உள்ளே விழுந்திருந்தது. ஓடு தாங்குகிற சலாகை கறையான் தின்று, தொட்டால் மாவாகக் கொட்டியது. அவள் வந்து அண்ணாந்து பார்த்தால் எல்லாம் முடிந்தது.

கந்தோரில் என்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்த குருநகர் ஞானம் உனக்குத் தெரியும்தானே, நீ மீன் கறி வைத்தால் மட்டும் சொல்லிவைத்த மாதிரி வந்துவிடுவான். அவனிடம்தான் போனேன். ஓய்வு எடுத்த பிறகு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு யந்திரம் வைத்திருக்கிறான், சாமான் ஏற்றி இறக்குகிறான். புது ஓடு எடுத்துத் தருகிறேன் என்றான்.

"புதுசு வேண்டாம். பழைய ஓடு வேணும். பாசி பிடிச்சதாய்" என்றேன்.

"பழசு போட்டால் ஒழுகுமடா."

"புதுசு போட்டால் அவளுக்கு விளங்கிப்போகும். நான் அஞ்சாறு வருஷத்துக்கு முன்னம் மாத்தின கூரை, ஞானம். அதுக்கேத்த மாதிரி இருக்கவேணும்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லான்ட்மாஸ்டரை எடுத்தான். பண்டத்தரிப்பில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டைக் கேட்டு வாங்கி, வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வந்தோம். நல்ல கறுத்த, பாசி பிடித்த ஓடு. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சரசின் தம்பிமார் இருவரும் மேலே ஏறினார்கள். ஞானம் கீழே நின்று எறிந்து கொடுத்தான். துளசி, என் இளையவள், சுவர் சுரண்டி வெள்ளை அடித்தாள். புதுச் சலாகை பளிச்சென்று தெரிந்ததால் கழிவு ஒயில் வாங்கிவந்து பூசினேன். கறையானுக்கு என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். சரஸ் தேத்தண்ணி வாளியோடு வந்து நின்று பார்த்தாள்.

"உயிரோடை இருக்கேக்கை ஒரு ஓடு மாத்திக் குடுக்கேல்லை. இப்ப ஓட்டுக்கு வயசு கூட்டிறியள்" என்றாள்.

மேலே இருந்த மச்சான்மார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அன்று பின்னேரம் துளசி என்னைக் கூப்பிட்டாள். சுவரைக் காட்டினாள். "அப்பா, ஒரு ஆணி அடிச்ச அடையாளமும் இல்லை" என்றாள். உண்மைதான். நீ கலண்டரை யன்னல் கம்பியில் நூலால் கட்டித்தான் தொங்கவிட்டிருந்தாய். சாமிப்படங்களை அலுமாரிக்கு மேல் சாய்த்து வைத்திருந்தாய். அம்மா அப்பாவின் படம் கதிரையில் இருந்தது. வதனிக்கு எழுதிய சுவர் என்று நீ ஒரு ஆணி அடிக்கவில்லை. நான் கை வைக்காததற்கும் அதே நியாயத்தைத்தானே சொன்னேன்? ஆனால் நீ அதைச் சொல்லிக்கொண்டு உள்ளே இருந்தாய். நான் வெளியே இருந்தேன்.

குசினியைக் கழுவும்போது சரஸ் இன்னொன்று சொன்னாள். உன் கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது அவளுக்குச் செத்தவீட்டன்றே தெரியுமாம். வீட்டில் ஒழுகாத மூலை அது ஒன்றுதானாம். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். "விறாந்தையைத் தாண்டி உள்ளை வந்து நீங்கள் எத்தினை காலம்? வந்தால் தெரிஞ்சிருக்கும்" என்றாள். நான் ஒயில் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்தக் கட்டிலை எடுத்து நடு அறையில் போட்டது ஞானம்தான். நான் கேட்டுக்கொண்டபடி.

வதனி வந்தாள். மெலிந்துவிட்டாள் அக்கா, தலையும் நரைத்துவிட்டது. படலையில் நின்று வீட்டைப் பார்த்தாள். பிறகு நேரே என்னிடம் வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா சொன்னமாதிரியே வைச்சிருக்கிறியள் அண்ணை" என்றாள். நடு அறைக்குப் போனாள். உன் கட்டிலில் இருந்து மேலே பார்த்தாள். கறுத்த ஓடு, கறுத்த சலாகை. திருப்தியாகத் தலையாட்டினாள். எனக்கு அந்த நேரம் ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

அடுத்த நாள் சாப்பாட்டில் அவள் சொன்னது, நீயும் எதிர்பார்த்திருக்க மாட்டாய். இந்த வீட்டைத் துளசிக்கு எழுதப்போகிறாளாம். "அக்காவை நீங்கள் பாத்த மாதிரிக்கு நான் வேறை என்னத்தைச் செய்யிறது? திவசம் முடிய நொத்தாரிசிட்டைப் போய் எழுதுவம்" என்றாள்.

சரசின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. உனக்குத் தெரியும், நீர்வேலி வீட்டை மூத்தவளுக்கு எழுதியாகிவிட்டது. துளசிக்குக் கொடுக்க எங்களிடம் வீடு இல்லை. இரண்டு இடத்துச் சம்பந்தம் அதிலேதான் தட்டுப்பட்டுப் போனது. இப்போதும் ஒரு இடம் வந்திருக்கிறது, பொடியன் நல்ல பொடியன், வீடு உண்டோ என்று தாய் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். ஓட்டுக்கு வயது கூட்டுகிறேன் என்று நக்கல் அடித்த சரஸ் அன்று வாயே திறக்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். நீங்களும் திறக்காதேங்கோ என்ற பார்வை அது.

நானும் திறக்கவில்லை. சீதன வீட்டில் கண் வைத்தவன் என்ற பெயர் வரக்கூடாது என்றுதானே உன்னை நனையவிட்டேன்? நீ போன பிறகு, ஒரு பொய்க் கூரையால், அந்தச் சீதன வீடே என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டுக்கொண்டேன்.

திவசத்தன்று ஐயர் வந்து, பிண்டம் வைத்து, எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. உனக்குப் பிடித்த பயற்றம் பணியாரம் வதனி தன் கையால் சுட்டுப் படைத்தாள். நடு அறையிலும் விறாந்தையிலும் சனம் இலைக்கு முன்னால் இருந்தது. சோறு போட்டு முடிய மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, மாரியின் முதல் பெருமழை.

முதல் துளி, வலது மூலையில் இருந்த அயல்வீட்டுக் கந்தையா அண்ணையின் இலையில் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு இலையை நகர்த்தினார். நகர்த்திய இடத்திலும் விழுந்தது. பிறகு இன்னொரு இடத்தில். பிறகு உன் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கில். விளக்கு 'சொர்' என்று அணைந்தது.

"என்ன சிவம்," என்றார் கந்தையா அண்ணை, நல்ல மனத்தோடுதான் கேட்டார், "நீ மாத்தின கூரை எண்டு புத்தகத்திலை வாசிச்சன். அதுக்குள்ளை ஒழுகுதே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதாவது நாக்குத் திரும்பியிருக்க வேண்டும் அக்கா. உன் படம் முன்னால் இருந்தது. உனக்குப் படைத்த சோறு இருந்தது.

"பூனை ஓடித்திரியிறது அண்ணை. ஓடு விலகியிருக்கும்" என்றேன்.

வதனி குசினிக்குப் போனாள். ஒரு கையில் பேசினும் மறு கையில் சருவச்சட்டியுமாக வந்தாள். மேலே பார்க்காமலே, துளி விழுகிற இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். சனத்தைப் பார்த்து, "நீங்கள் சாப்பிடுங்கோ" என்றாள். நீயும் அப்படித்தான் வைத்திருப்பாயோ? நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

சனம் போன பிறகு ஞானம், அவன் கத்தோலிக்கன், கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு சொன்னான். "எங்கடை ஆக்களெண்டால் உப்பிடி ஒண்டைச் செய்துபோட்டுச் சுவாமியாரிட்டைப் போய் முழங்காலிலை நிண்டு சொல்லிப்போட்டு வரலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை மச்சான். தங்கச்சிக்குத்தான் சொல்லவேணும்."

மறுநாள் காலையில் சொல்லப் போனேன். நொத்தாரிசிடம் போக வேண்டிய நாள் அது. வதனி பின் விறாந்தையில் இருந்து உன் சீலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். துளசி பக்கத்தில் இருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"வதனி, உந்தக் கூரை..." என்று தொடங்கினேன்.

"சொல்லாதேங்கோ அண்ணை."

அவள் சீலையை மடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கதைத்தாள். "அக்கா வீடியோவிலை கதைக்கேக்கை முகத்தை மட்டும்தான் காட்டுவா. மழை நாளிலை பின்னாலை சத்தம் கேக்கும், டொக் டொக் எண்டு. என்ன சத்தமக்கா எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. போனைக் கொஞ்சம் மேலை திருப்புங்கோ எண்டு சொல்லேல்லை. கேட்டால் நான் ஏதாவது செய்யவேணும். வரவேணும். உங்களோடை சண்டை பிடிக்கவேணும். அண்ணை மாத்திக் குடுத்திட்டார் எண்டு அவ சொல்ல, அதைப் பிடிச்சுக்கொண்டு நான் அங்கை நிம்மதியாய் நித்திரை கொண்டனான். என்ரை சீதன வீடு அண்ணை இது. என்ரை கூரை."

நான் எதை ஒளித்தேனோ, அதை அவளும் தன் பக்கத்திலிருந்து ஒளித்து வைத்திருந்தாள். நடுவில் நீ எங்கள் இருவருக்கும் தனித்தனியாகப் பொய் சொல்லிக்கொண்டு அடுப்பு மூலையில் படுத்திருந்தாய். வதனி வருகிற வருஷம் வந்து எல்லாம் செய்விப்பாள் என்று எனக்குச் சொல்வாயே, அதுவும் அவளுக்குத் தெரியாதாம். இப்போதுதான் நான் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு உன் சீலையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லி என்ன அண்ணை செய்யிறது? நானும் அதே ஆள்தான். சொல்லுறதெண்டால் அக்காவுக்குச் சொல்லுங்கோ."

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். பிந்திவிட்டது என்று தெரியும்.

வீடு வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். வதனி விடவில்லை. "நீங்கள் அக்காவைப் பாத்ததுக்காக இல்லை. மருமகளுக்கு எண்டு தாறன்" என்றாள். நான் துளசியைப் பார்த்தேன். அவள்தானே இதில் இழக்கிறவள்.

"எனக்கு வீடு வேண்டாமெண்டு இல்லை மாமி," என்றாள் துளசி. "எனக்கு வீடு இல்லையெண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரியமாமி ஒரு ஆணி அடிக்காமல் இருந்த சுவரிலை நான் போய் என்னெண்டு கலியாணப் படம் மாட்டுறது? இப்ப ஏலாது. பிறகு ஏலுமோ தெரியாது."

பெற்றவன் எனக்கு அந்தத் தெளிவு வரவில்லை, பிள்ளைக்கு வந்தது என்று பெருமைப்படவா? பெருமைப்பட எனக்கு முகம் இல்லை. சரஸ் என்னோடு இன்னும் சரியாகக் கதைக்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் கோபத்திலும் நியாயம் உண்டு. நான் உனக்குச் செய்த குறைக்கு அவள் மகள் ஏன் வீடில்லாமல் நிற்க வேண்டும்?  பொடியனின் தாய்க்கு இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

ஒன்று மட்டும் உடனே செய்தேன். அன்று மத்தியானமே மச்சான்மாரைக் கூப்பிட்டு, போட்ட ஓடு முழுவதையும் இறக்கினேன். இந்த முறை நானும் ஏறினேன். இந்த வயதில் விழுந்து கைகால் உடைக்கப்போகிறாய் என்று ஞானம் கீழே நின்று கத்தினான். மேலே நின்று பார்த்தால் உன் அறை முழுக்கத் தெரிகிறது. உன் கட்டில் கிடந்த அடுப்பு மூலை வரைக்கும் தெரிகிறது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முறை ஏறியிருந்தால் போதும், பார்த்திருப்பேன்.  

நாளைக்கு ஓடு வந்து இறங்கும். புது ஓடு. நானும் வதனியும் சேர்ந்து போய்த் தெரிந்தெடுத்தோம். கடையில் நின்ற பொடியன், பழைய வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று மங்கிய நிறம் ஒன்றைக் காட்டினான். நான் வேண்டாம் என்றேன். நல்ல இரத்தச் சிவப்பாக ஒன்று இருந்தது. கண்ணைக் குத்துகிற சிவப்பு. அதைத்தான் எடுத்தேன்.

வரும் வழியில் வதனி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "றோட்டாலை போற எல்லாருக்கும் விளங்கப்போகுதே அண்ணை, இது இப்பத்தான் போட்டதெண்டு. புத்தகத்திலை நான் அப்பிடி எழுதியிருக்கிறன்."

"ஓம்" என்றேன். "விளங்கட்டும்."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஓட்டோக்காரப் பொடியன் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே வந்தான்.

அக்கா, உனக்கு நான் சத்தியம் பண்ணித் தரக்கூடியது இவ்வளவுதான். அந்த ஓட்டில் பாசி பிடிக்க நான் விடமாட்டேன். ஒவ்வொரு மாரிக்கு முன்னமும் ஏறித் துடைப்பேன். எனக்கு ஏறமுடியாமல் போனால் ஆளை வைத்துத் துடைப்பிப்பேன். அது பழசாகத் தெரியக்கூடாது. இந்த ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று, வீடு வடிவாய் இருக்கிறது சிவம், கூரை எப்போது போட்டது என்று கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரே மறுமொழிதான் சொல்வேன். அக்கா செத்த பிறகு.

உன் ஒரே தம்பி,
சிவம்